மீண்டும் ஆடு

யு.பி.எஸ். பேட்டரி மாற்றத்தான் போனேன்
பள்ளிகொண்டா அரசுப் பள்ளிக்கு.
ஏப்ரல் கடைசி, நூற்றியெட்டு டிகிரி.
வாசல் தார் ரோட்டில்
எக்ஸெல் வண்டியின் ஸ்டாண்டு புதைந்து நின்றது.

லேப்பில் ஒன்பது கம்ப்யூட்டர், ஏழுக்குத்தான் உயிர்.
பதினோரு பிள்ளைகள் ஒரே திரைமேல் குவிந்து சண்டை:
ஆத்துத் தண்ணிக்கு என்ன கலர்?

நீலம் என்றான் எபினேசர்,
புஸ்தகத்துல அப்படித்தான்.
தஸ்னீம் ஒப்பவில்லை.
மூணாவது படிக்கறப்ப வெள்ளம் வந்துச்சே,
அத்தா தூக்கிக் காட்டினாரு,
டீ கலர்.
வாணியம்பாடியிலிருந்து புதிதாய்ச் சேர்ந்த தருணிகா
மெல்லச் சொன்னாள்:
எங்க ஊர்ல நுரை வரும். வெள்ளையா.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு டீ கலர் ஜெயித்தது.
நுரைக்குத் தனியாக
பல் வைத்து ஓர் உருவம் வரைந்தார்கள்.

வெளியூர்க்காரன் நம்மைப் பழிக்கிற பழிப்பு உண்டே,
நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை,
அதையே மூன்று லெவலாகக்
கரும்பலகையில் எழுதியிருந்தது.
மூன்றாவதை மட்டும் அடித்திருந்தார்கள்.
ஏம்மா என்றேன்.
ராஜா இல்லாததுல என்ன பிரச்சினை அங்கிள்?

பேட்டரி சார்ஜ் ஏற முக்கால் மணி.
சும்மாதானே இருக்கீங்க, ஆடிப் பாருங்க.
அம்புக்குறி நான்கு, ஸ்பேஸ் பார் ஒன்று.
ஆற்று மணல்மேல் ஒரு லாரி.
ஒரு லோடுக்குப் பத்துப் புள்ளி.
ஒரு விதைக்கு ஒன்று.

யாரிடமும் சொன்னதில்லை,
தங்கச்சி கல்யாணக் கடனுக்கு இரண்டு மாதம்
ராத்திரி லாரி ஓட்டியவன் நான்.
ஹெட்லைட் அணைத்துக் கரையேறத் தெரியும்.
ஈர மணல் எங்கே சக்கரத்தை இழுக்கும் என்று தெரியும்.
விரலுக்கு ஞாபகம் வந்துவிட்டது.
இருநூறு. நானூறு. எழுநூற்றுப் பத்து.
செம அங்கிள்! எபினேசர் துள்ளினான்.
இதுவரை யாரும் இவ்வளவு எடுத்ததில்லையாம்.
எப்படி என்றார்கள்.
போன்ல ஆடுவேன் என்றேன்.

மீண்டும் ஆடு என்று பொத்தான் வந்தது.
சூடு ஆறாத என் நாற்காலியில் உட்கார்ந்து
தருணிகா அழுத்தினாள்.
ஆறு புதிதாகவில்லை.
நான் தோண்டிய குழியெல்லாம் தோண்டியபடி.
ஒரு குழிக்குள் ஆமையொன்று
மல்லாந்து காலாட்டிக்கொண்டிருந்தது.
அந்தக் காலாட்டலை யாரோ
பொறுமையாக, பத்துப் படமாவது வரைந்திருக்க வேண்டும்.

தப்பு நடந்திருக்கு என்றான் எபினேசர்.
திரும்பத் தொடங்கினா மணல் நூறுன்னு எழுத மறந்துட்டோம்.
ஒரே வரி. போட்டா சரியாயிடும்.
தஸ்னீம் மவுஸைத் தரவில்லை.
போடாத.
அப்ப அடுத்தவங்க எப்படி ஜெயிப்பாங்க?
தெரியல. இருக்கட்டும்.
திங்கட்கிழமை வேலூர்ல கண்காட்சி, குழியோடயா காட்டுவ?
இருக்கட்டும்னு சொல்றேன்ல.

தருணிகா அதற்குள் ஆட ஆரம்பித்திருந்தாள்.
லாரியைத் தொடவேயில்லை.
விதை, ஒன்று. விதை, ஒன்று.
பதினாறில் நேரம் முடிந்தது.
என் குழியின் விளிம்பில் பச்சையாய் ஏதோ,
நாணலா கோரையா என்று புரியாமல்
சதுரம் சதுரமாக.

பழைய பேட்டரியைத் தூக்கினேன்.
அது எங்க போகும் அங்கிள்?
கடைக்கு.
கடைக்கு அப்புறம்?
கடைக்குப் பின்னால் ஒரு சந்து, ஒரு சாக்கடை,
சுத்தியலோடு ஒரு பையன்.
கீழே விழாத ஸ்பேனரைத் தேடிக் குனிந்தேன்.

நிமிர்ந்தபோது திரையில் பட்டியல்.
முதலிடம்: பேட்டரி அங்கிள், 710.
கடைசி: தருணிகா, 16.
என் பேரை அழிச்சிடும்மா.
அழியாது அங்கிள், தஸ்னீம் சொன்னாள்,
அதுக்கும் வரி எழுதல.

வெளியே ஸ்டாண்டு
இன்னும் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது.
பிடுங்கித்தான் எடுத்தேன்.
தாரில் ஒரு சின்னக் குழி.